சென்னை முதல் ஹீத்ரோ வரை: 8,235 கிலோமீட்டர் பதினொரு மணி நேரமாவது எப்படி

சென்னைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் தேடினால் தூரம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். நேரம்தான் ஆளுக்கொன்று. ஒரு தளம் ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம் என்கிறது, இன்னொன்று பத்தேகால் என்கிறது. பயணச்சீட்டிலோ பதினொன்றை ஒட்டி அச்சாகியிருக்கிறது. முதல் இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிப்பது எளிது. 8,235 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால் முதல் விடை, 800ஆல் வகுத்தால் இரண்டாவது விடை. அவ்வளவுதான் அந்தத் தளங்கள் செய்வது. காற்று, மூடிக்கிடக்கும் வான்வெளி, இறங்க இடம் கேட்டு வட்டமடிப்பது எதுவும் அந்த வகுத்தலில் இல்லை. ஆனால் அதை நம்பித்தான் பலர் அடுத்த ரயிலையும், அழைத்துப் போக வருபவரின் நேரத்தையும் முடிவு செய்கிறார்கள்.

முதலில் தூரம். அதை யாரையும் நம்பாமல் நாமே போட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலும் கைப்பேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

சென்னை விமான நிலையம் வடக்கு 12.994 பாகை, கிழக்கு 80.171 பாகை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.471, மேற்கு 0.462. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கிக்கொள்ளுங்கள்: 0.2249 × 0.7823 = 0.1759. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் மதிப்பையும் பெருக்க வேண்டும். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் வித்தியாசம் 80.171 + 0.462 = 80.633 பாகை. பெருக்கினால் 0.9744 × 0.6229 × 0.1628 = 0.0988. இரண்டையும் கூட்டினால் 0.2747. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கேட்டால் கணிப்பான் 74.06 பாகை என்று சொல்லும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் இடையிலுள்ள கோணம் இதுதான். ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 8,235 கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

கடல் மைலில் வேண்டுமென்றால் இன்னும் சுலபம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல் என்பது அந்த அளவு பிறந்த விதம். எனவே 74.06 × 60, அதாவது சுமார் 4,444 கடல் மைல். விமானி கையில் இருக்கும் தாளில் கிலோமீட்டர் இருக்காது, இந்த அளவுதான் இருக்கும்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. கணிப்பான் ரேடியனில் இருந்தால் விடை அபத்தமாக வரும்; அது உடனே தெரிந்துவிடும், கவலையில்லை. இரண்டாவது, 12 பாகை 59 நிமிடம் என்று எழுதியிருப்பதை 12.59 என்று போட்டுவிடுவது. 59 நிமிடம் என்பது 0.98 பாகை. இந்தத் தவறால் சென்னை விமான நிலையம் தெற்கே 45 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும், விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. மூன்றாவது, மேற்குத் தீர்க்கரேகையை எதிர்மறை எண்ணாகப் போட மறப்பது. லண்டன் பூஜ்யக் கோட்டை ஒட்டியே இருப்பதால் இங்கே 64 கிலோமீட்டர்தான் குறையும், பிழை கண்ணில் படாது. இதே தவறை நியூயார்க்குக்குச் செய்தால் கென்னடி விமான நிலையம் கிர்கிஸ்தானில், ஓஷ் நகரத்துக்குக் கிழக்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அதனால் நுட்பமாகக் கணக்கிடும் தளங்களில் விடை பத்து இருபது கிலோமீட்டர் முன்பின் இருக்கும். பறக்கும் நேரத்தில் அது ஒன்றிரண்டு நிமிடம், விட்டுவிடலாம்.

இந்த 8,235 என்பது பெருவட்டப் பாதையின் நீளம். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எங்கே படுமோ அதுதான் பெருவட்டம். பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வேறு பாதை வரும். அந்தக் கோட்டின்படி ஒரே திசையில் போனால் 8,480 கிலோமீட்டர், 245 கிலோமீட்டர் கூடுதல். புறப்படும் திசையிலும் வித்தியாசம் உண்டு. வரைபடக் கோடு வடக்கிலிருந்து மேற்கே 60 பாகை திரும்பச் சொல்லும், பெருவட்டம் 40 பாகைதான் திரும்பச் சொல்லும். லண்டனுக்குப் போக முதலில் வடக்கே ஏற வேண்டும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் இருந்தால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும், பிள்ளைகளுக்குக் கட்டாயம் செய்துகாட்டுங்கள்.

அந்த நூல் எந்தெந்த இடத்தின் மேல் கிடக்கிறது என்று பார்த்தால்தான் நேரக் கணக்கின் முதல் முடிச்சு பிடிபடும். மகாராஷ்டிரம், குஜராத், சிந்து, பலுசிஸ்தான், கிழக்கு ஈரான். சரிபாதித் தூரம் பாக்கூவுக்குத் தெற்கே காஸ்பியன் கடலின் மேல் விழுகிறது. பிறகு காக்கசஸ், கருங்கடலுக்கு வடக்கே உள்ள அசோவ் கடல், உக்ரைன், மத்திய ஐரோப்பா. இந்தப் பட்டியலில் எத்தனை இடம் சிக்கலானது என்று சொல்லவே வேண்டாம். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. பிரிட்டிஷ் விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்கவும் அதே மாதம் தடை வந்தது. பாகிஸ்தான் 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. 2025 ஜூனில் ஈரான் வான்வெளியும் சில நாட்கள் அடைபட்டது. ஆக, மிகக் குறுகிய பாதை என்பது தாளில்தான் இருக்கிறது. நடப்பில் அரபிக்கடல், ஓமன், வளைகுடா, ஈராக், துருக்கி, ருமேனியா என்று தெற்கே வளைந்து போகிற பாதைதான் பெரும்பாலும் கிடைக்கும். நாளுக்கு நாள் மாறினாலும் 8,600 முதல் 8,900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வளைவின் வலி எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதற்கு ஹெல்சின்கி – டோக்கியோ பாதையைப் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் மேலே பறந்த காலத்தில் சுமார் ஒன்பதரை மணி நேரம். 2022இல் அந்த வழி அடைபட்டதும் சுமார் பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, தூரக் கணிப்பான்களில் எண் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

இப்போது வேகம். போயிங் 787-9 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் போகும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. விமானம் போகும் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை செல்சியஸ் என்றால் ஒலியின் வேகம் மணிக்கு 574 கடல் மைல், விமானத்தின் வேகம் 488. கிலோமீட்டரில் 904. இது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். ஆற்றில் நீந்துகிறவன் நீரின் போக்கோடு போனால் ஒரு வேகம், எதிர்த்து வந்தால் ஒரு வேகம். கை வீச்சு ஒன்றுதான்.

நடு அட்சரேகைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது தெற்கே இறங்கி வட இந்தியா, ஈரான், துருக்கி மேலே பலமாக நிற்கும். மணிக்கு 100 கடல் மைல் வேகம் அப்போது சாதாரணம். முழுப் பாதைக்கும் சராசரி எடுத்தால் எதிர்க்காற்று 35 கடல் மைல் என்று வைப்போம். பாதை 8,700 கிலோமீட்டர். போகும்போது தரைவேகம் 453 கடல் மைல், அதாவது 839 கிலோமீட்டர். 8,700ஐ வகுத்தால் 10 மணி 22 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. தரைவேகம் 969 கிலோமீட்டர், நேரம் 8 மணி 59 நிமிடம். அதே விமானம், அதே பாதை, வித்தியாசம் 1 மணி 23 நிமிடம்.

இருக்கைத் திரையில் தரைவேகம் ஓடிக்கொண்டிருக்கும். 904இலிருந்து அதைக் கழித்தால் அந்த நிமிடத்து எதிர்க்காற்று தோராயமாகக் கிடைக்கும். திரையில் 790 என்று இருந்தால் 114 கிலோமீட்டர் வேகக் காற்றை முட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு காற்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து, 1958இல் எழுதிய கட்டுரையில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து வருவது இது. விமானம் அதன் உச்சிக்குக் கீழேதான் பறக்கிறது என்றாலும், அந்த மாதங்களில் சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானத்துக்கு முதல் இரண்டு மணி நேரம் ஒரு தள்ளு கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் லண்டன் போக நேரம் குறைவதும் மார்கழி, தையில் கூடுவதும் இந்த இரண்டு காற்றுகளால்தான்.

தூரம் கூடினாலும் நேரம் குறையலாம் என்பதற்கு ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சேவையைவிட நல்ல சான்று கிடையாது. அட்லாண்டிக் வழியாகப் போனபோது சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள், சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் பதினான்கரை மணி நேரத்தில், முன்பைவிடச் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது. கிழக்கே போனதால் ஜெட் காற்று வழி நெடுக முதுகில் இருந்தது, அதுதான் காரணம்.

மறுபடியும் நம் பாதைக்கு வருவோம். 10 மணி 22 நிமிடம் என்பது ஒரே வேகத்தில் பறப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு மொத்தமாக 15 நிமிடம் சேர்க்கலாம். அட்டவணையில் போடும் நேரம் சக்கரம் தரையை விடுவதிலிருந்து எண்ணப்படுவதில்லை. சென்னையில் நிற்குமிடத்தை விட்டு விமானம் நகரும் கணத்திலிருந்து ஹீத்ரோவில் நிற்குமிடம் சேர்ந்து நிற்கும் வரை எண்ணப்படுவது. சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக 10 நிமிடம், ஹீத்ரோவில் ஊர்ந்து வர 15 நிமிடம். ஆகக் கூடி 11 மணி 2 நிமிடம். திரும்பும்போது 9 மணி 39 நிமிடம். பயணச்சீட்டில் அச்சாகும் நேரத்துக்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹீத்ரோவை மட்டும் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டே ஓடுபாதைகள், ஆண்டுக்கு 4,80,000 புறப்பாடு வருகைகள் என்ற உச்சவரம்பு, அதை ஒட்டியே இயக்கம். அதனால் வருகிற விமானங்களை நகரைச் சுற்றி நான்கு இடங்களில் நிறுத்தி வைப்பார்கள்: போவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில். வானத்தில் நிறுத்துவது என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கி, நீள்வட்டமாகச் சுற்ற விடுவது. ஒரு நிமிடம் நேரே, ஒரு நிமிடம் திருப்பம், மறுபடி ஒரு நிமிடம் நேரே, ஒரு நிமிடம் திருப்பம். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். கீழே இருப்பது வெளியேறியதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாக இறங்கும். ஜன்னலில் வெயில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி விழுந்தால் அடுக்கில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். சுற்றுகளை எண்ணி நான்கால் பெருக்கினால் தாமதத்தின் கணக்கு வந்துவிடும்.

காற்றின் திசையும் இங்கே நிமிடங்களைத் தின்னும். லண்டனில் பெரும்பாலும் மேற்குக் காற்று. அப்போது விமானங்கள் கிழக்கிலிருந்து நகரத்தின் மேலாக வந்து இறங்கும், சென்னை விமானத்துக்கு அது வரும் வழியிலேயே இருக்கிறது. கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் ஹீத்ரோவைத் தாண்டி மேற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் அதற்கே போய்விடும்.

உயரத்தைப் பற்றி ஒரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. பொது விதிப்படி மேற்கே போகும் விமானங்களுக்கு இரட்டைப்படை ஆயிரம் அடிகள், கிழக்கே போவதற்கு ஒற்றைப்படை. எனவே லண்டன் போகும்போது திரையில் 34,000, 36,000, 38,000 என்று தெரியும். திரும்பும்போது 35,000, 37,000, 39,000. எதிரெதிரே வருபவை ஆயிரம் அடி இடைவெளியில் கடந்து போகும். ஏன் ஆரம்பத்திலேயே 38,000க்கு ஏறுவதில்லை? எரிபொருள் நிறைந்த விமானம் கனமானது, மெல்லிய காற்றில் அதால் நிற்க முடியாது. மணிக்கு 5 முதல் 5.5 டன் எரிந்து எடை குறையக் குறையப் படிப்படியாக ஏறும்.

எரிபொருள் கணக்கும் இந்த நேரத்தோடு பின்னிக்கிடக்கிறது. பயணத்துக்கானது, வழியில் காற்று ஏமாற்றினால் ஈடுகட்டப் பொதுவாக அதில் 5 விழுக்காடு, ஹீத்ரோ கிடைக்காவிட்டால் மாற்று விமான நிலையம் வரை போவதற்கானது, அதற்கும் மேலே 30 நிமிடம் பறப்பதற்கான கடைசி இருப்பு. எல்லாம் சேர்ந்துதான் ஏற்றுகிறார்கள். அதிகமாகவே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கூடுதலாக ஏற்றும் எரிபொருளைச் சுமக்கவே மணிக்குச் சுமார் 3 விழுக்காடு எரிந்துபோகும். ஒரு டன் அதிகம் ஏற்றினால் லண்டன் போய்ச் சேர்வதற்குள் அதில் கால் டன்னுக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

நேரடி விமானமா, வளைகுடாவில் மாறிப் போவதா என்று கேட்பவர்களுக்குத் தூரத்தைப் பொறுத்தவரை ஒரு வியப்பு காத்திருக்கிறது. சென்னை – துபாய் 2,933, துபாய் – ஹீத்ரோ 5,498. கூட்டினால் 8,431. பெருவட்டப் பாதையைவிட 196 கிலோமீட்டர்தான் அதிகம். தோஹா வழியாக 8,528. ஆக, சுற்றுவழி என்று அதைச் சொல்லவே முடியாது. நேரம் போவது தரையில்: இன்னொரு முறை இறங்கி ஏறுவது, ஊர்ந்து போவது, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு. இரண்டு மணி நேர இடைவெளியில் இணைப்பு கிடைத்தால் மொத்தம் பதின்மூன்றரை, பதினான்கு மணி நேரம் ஆகும். கொழும்பு வழி வேறு கதை. முதலில் தெற்கே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் 1,100 கிலோமீட்டருக்கு மேல் கூடும். வயதானவர்களை அனுப்புவதாக இருந்தால், விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால், நேரடி விமானமே மேல் என்பது என் உறுதியான கருத்து. பதினொரு மணி நேரம் உட்காருவதைவிடப் பெரிய விமான நிலையத்தில் வாயில் மாறி நடப்பதுதான் அவர்களை அதிகம் களைக்க வைக்கும்.

பயணச்சீட்டைப் படிப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு நேர மண்டலத்தில் நடக்கிறது. அச்சிட்டிருப்பவை எல்லாம் அந்தந்த ஊர் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. காலை 5.30க்குப் புறப்பட்டு 11.50க்கு ஹீத்ரோ என்று கோடையில் இருந்தால் வித்தியாசம் 6 மணி 20 நிமிடம், அதோடு 4.30 கூட்டினால் 10 மணி 50 நிமிடம். திரும்பும்போது கழிக்க வேண்டும். மதியம் 1.30க்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 3.40க்குச் சென்னை என்றால் 14.10இலிருந்து 4.30 போக, 9 மணி 40 நிமிடம். வருகை நேரத்தின் பக்கத்தில் உள்ள சிறிய "+1"ஐக் கவனிக்காமல் ஒருநாள் முன்னதாகவே விமான நிலையத்துக்கு வண்டி சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

விமான நிறுவனங்களின் கோடைக்கால, குளிர்கால அட்டவணைகளும் அதே இரண்டு ஞாயிறுகளில்தான் மாறுகின்றன. பிப்ரவரியில் ஒருவர் போன நேரத்தை வைத்து மே மாதப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. உங்கள் விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் போட்டுக் கடந்த ஒரு வாரத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று பாருங்கள். ஏழு எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்து, மிகப் பெரிய எண்ணைத் தாங்கும் அளவுக்கு இடைவெளி வைத்து ரயிலோ பேருந்தோ பதிவு செய்யுங்கள். அந்தத் தளங்கள் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை காட்டும் நேரத்தோடு ஊர்ந்து போகும் 25 நிமிடத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எல்லோரையும்விட முக்கியம். முன்தினம் இரவு 8க்குப் போட்டவருக்கு அடுத்தது காலை 8 மணி, அதாவது 5.30க்குக் கிளம்பிய விமானத்தில் இரண்டரை மணி நேரம் கழித்து. அதற்கடுத்தது இந்திய நேரம் இரவு 8. கோடையில் லண்டனில் அப்போது மதியம் 3.30தான் ஆகியிருக்கும். அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்து இரவு 8 வரை காத்திருந்தால் இடைவெளி பதினாறரை மணி நேரமாகிவிடும், குளிர்காலத்தில் பதினேழரை. ஊர் நேரத்துக்கு எத்தனை நாளில், எந்த வேளையிலிருந்து மாறுவது என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. மருத்துவரிடம் புறப்படும் நேரம், இறங்கும் நேரம் என்று சொல்லாமல், வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து லண்டனில் வீடு சேர்வது வரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். அந்த மாற்றம் முடியும் வரை ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே ஓட விடுங்கள்.